கவளமும் மூச்சும்: கோலார் தங்கவயலும் பக்கவாதத்துக்குப் பின் வரும் விழுங்கல் இடரும்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் ஆழத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் லண்டன் நிறுவனம் அங்குக் காலூன்றியது முதல், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடியது வரை, ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுக்கப்பட்டதும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியதும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்ததும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்திகள். அவ்வூரின் மருத்துவ வரலாறு எனத் தேடுவோருக்குக் கிடைப்பது நுரையீரலின் வரலாறு: பாறைத்தூசி படிந்து நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ், அதனோடு கைகோத்து வரும் காசநோய், இவற்றுக்குப் பக்கத்தில் பாறைவெடிப்பில் சிக்கியோரின் கணக்கு. பக்கவாதம் கண்ட ஒருவர் வாயிலிட்ட கவளத்தை விழுங்க முடியாமல் தவிக்கும் நிலைக்கு இவ்வரிசையில் இடமில்லை. அது கம்பெனி மருத்துவமனையின் கவனத்துக்கு வெளியே, தொழிலாளர் லைன்களின் அடுப்படியில் எதிர்கொள்ளப்பட்ட நிலை. எனவே அதன் வரலாற்றை அடுப்படியின் பழக்கங்களிலிருந்தும், தங்கவயலைச் சூழ்ந்துள்ள வேலூர், பெங்களூரு, மைசூரு ஆகிய நகரங்களின் மருத்துவத்திலிருந்தும்தான் கட்டியெடுக்க வேண்டியுள்ளது.

விழுங்குதல் எளிய செயலாகத் தோன்றினாலும், நேரம் பிசகாமல் நடந்தாக வேண்டிய உடல் வேலைகளுள் அது ஒன்று. மூச்சுக்குச் செல்லும் வழியும் உணவுக்குச் செல்லும் வழியும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வதால், ஒவ்வொரு கவளத்தின்போதும் மூச்சு ஒரு கணம் நின்று, குரல்வளை மேலெழுந்து முன்னகர்ந்து, அதன் தலைப்பில் இலைபோல் நிற்கும் குருத்தெலும்பு மூடி கவிழ்ந்து, குரல்நாண்கள் நெருங்கி அடைத்துக்கொண்டு, உணவுக்குழலின் மேல்வாய் தளர்ந்து திறக்க வேண்டும்; இத்தனையும் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன. பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் பிரான்சுவா மஜாந்தி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்செயலை வாய், தொண்டை, உணவுக்குழல் என மூன்று கட்டங்களாகப் பிரித்தார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்தப் பிரிவினையைத்தான் படிக்கிறார்கள். முதற்கட்டம் மட்டுமே மனிதரின் விருப்பத்துக்கு உட்பட்டது. கவளம் நாக்கின் அடிப்பகுதியைத் தாண்டிய பிறகு அதைத் திரும்ப அழைக்க வழியில்லை.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி செயலிழப்பதே பக்கவாதம். கை, கால், பேச்சு ஆகியவற்றின் இழப்பு வெளியே தெரிவதால் அவற்றைக் கண்டு குடும்பம் பதறுகிறது. தொண்டையின் இழப்போ உள்ளே மறைந்திருக்கிறது. 1895-இல் டான்சிக் நகர மருத்துவர் அடால்ஃப் வாலன்பெர்க், மூளைத்தண்டின் அடிப்பகுதியாகிய முகுளத்தின் பக்கவாட்டில் இரத்த ஓட்டம் தடைபட்ட ஒரு நோயாளியைப் பற்றி விரிவாக எழுதியபோது, விழுங்க இயலாமை அந்நோயின் முதன்மைக் குறிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. விழுங்குதலை ஆளும் நரம்பு மையங்கள் முகுளத்தில் இருப்பதால், அங்கு அடிபட்டால் மட்டுமே விழுங்கல் கெடும் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1990-களில் மான்செஸ்டரில் ஷாஹீன் ஹம்தி, காசிம் அஜீஸ் ஆகியோர் மண்டையோட்டின் வழியே காந்தத் தூண்டல் கொடுத்து நடத்திய ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. தொண்டைத் தசைகளுக்கு மூளையின் இரு பாதிகளிலும் இடம் உண்டு என்றும், அந்தப் பங்கீடு சமமானதன்று என்றும், பெரும்பங்கு வகிக்கும் பாதியில் பக்கவாதம் தாக்கினால் விழுங்கல் கெடுகிறது என்றும், பின்னர் வாரக்கணக்கில் மறுபாதி அப்பொறுப்பை மெல்ல ஏற்கும்போது நோயாளி தேறுகிறார் என்றும் அவர்கள் காட்டினர். பக்கவாதம் கண்ட பலருக்கு ஓரிரு வாரங்களில் விழுங்கும் திறன் தானாகத் திரும்புவதற்கும், சிலருக்கு மாதங்கள் கடந்தும் திரும்பாதிருப்பதற்கும் இதுவே பெரும்பாலும் விளக்கம்.

எத்தனை பேருக்கு இவ்விடர் வருகிறது என்பது எவ்வாறு சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. டொரன்டோவைச் சேர்ந்த ரோஸ்மேரி மார்ட்டினோவும் உடனாய்வாளர்களும் 2005-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, எளிய முதற்கட்டச் சோதனையில் 37 முதல் 45 விழுக்காட்டினருக்கும், எக்ஸ்-ரே படச்சுருள் போன்ற கருவிச் சோதனையில் 64 முதல் 78 விழுக்காட்டினருக்கும் விழுங்கல் கோளாறு தெரியவந்தது. இவ்விரு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. உணவுத் துணுக்கோ நீரோ மூச்சுக்குழலுக்குள் நுழைந்தால் இருமல் வரும், இருமாதவருக்குப் புரையேறவில்லை என்பதே பொது நம்பிக்கை. ஆனால் பக்கவாதம் தொண்டையின் உணர்வையும் மழுங்கச் செய்துவிடுவதால், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பகுதி நுரையீரலுக்குள் இறங்கிய பிறகும் நோயாளி அமைதியாக அமர்ந்திருக்கக்கூடும். இதனை மருத்துவர்கள் ஓசையற்ற புரையேற்றம் என்பார்கள். இதன் விளைவு இரண்டு மூன்று நாட்கள் கழித்துக் காய்ச்சலாகவும் சளியாகவும் நிமோனியாவாகவும் வெளிப்படுகிறது. விழுங்கல் கோளாறு உள்ளவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு, அக்கோளாறு இல்லாதவர்களைக் காட்டிலும் மும்மடங்கு என்பதும் மார்ட்டினோ குழுவின் கணிப்பு.

தங்கவயலைப் பொறுத்தவரை இந்தக் கடைசிச் செய்திதான் திறவுகோல். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வந்து குடியேறியபோது, அவர்களின் உடலைப் பற்றிக் கம்பெனி கேட்ட கேள்வி ஒன்றே: சுரங்கத்துக்குள் இறங்க இந்த உடல் தகுமா, தகாதா? கம்பெனி நடத்திய மருத்துவமனை அக்கால இந்தியத் தொழில்நகரங்களில் வசதி மிக்கதாகப் பெயர் பெற்றிருந்தது. எக்ஸ்-ரே கொண்டு தொழிலாளரின் மார்பைப் பரிசோதித்த ஆய்வுகள் 1930-களிலும் 40-களிலும் அங்கு நடந்தன. இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிய தொடக்க ஆய்வுகளில் அவற்றுக்கு முதலிடம் உண்டு. 1940–46 காலத்தில் சோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டோருக்குச் சிலிகோசிஸ் இருந்தது என்னும் முடிவு, தொழில்சார் நோய் பற்றிய இந்திய நூல்களில் இன்றும் மேற்கோளாக வருகிறது. இழப்பீட்டு வழக்கும், தொழிற்சங்கக் கோரிக்கையும், அரசின் விதியும் ஒன்றுகூடி அந்த ஒரு நோயை எண்ண வைத்தன. வேலையால் வந்ததென்று நிறுவக்கூடிய நோய்க்குக் கணக்கு இருந்தது. வயதாலும் இரத்த அழுத்தத்தாலும் வந்த நோய்க்கு அப்படியொரு வழக்காடி இல்லை.

வேறொரு காரணமும் உண்டு. கம்பெனி லைன்களில் வேலை இருக்கும்வரைதான் வீடு. மூங்கில் தட்டியாலும் தகரத்தாலும் ஆன அந்த ஒற்றை அறைகள் தொழிலாளிக்கு உரியனவல்ல, அவர் செய்யும் வேலைக்கு உரியன. மகனோ மருமகனோ சுரங்கத்தில் பெயர் பதிந்திருந்தாலன்றி, கைகால் விழுந்தவர் சொந்த ஊருக்குத் திரும்புவதே வழக்கம். குடியாத்தத்துக்கோ ஆம்பூருக்கோ திரும்பிய ஒருவர் அங்கே நிமோனியாவில் இறந்தால், அந்த இறப்பு தங்கவயலின் ஏட்டிலும் ஏறாது, பக்கவாதத்தின் ஏட்டிலும் ஏறாது. ஊரிலேயே தங்கியவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. தூசியால் இறுகிய நுரையீரலுக்கு இருமி வெளியேற்றும் வலு குறைவு. அத்தகைய நுரையீரலுக்குள் கஞ்சி இறங்கினால், வலுவான நுரையீரல் தாங்கிக்கொள்ளும் அளவும் அதற்கு எமனாகும். இறுதியில் நிமோனியா என்று எழுதப்படும்போது அது பொய்யாகிவிடாது. ஆனால் நுரையீரல் ஏற்கெனவே பழிசுமந்து நின்ற ஓர் ஊரில், தொண்டையின் பங்கை யாரும் விசாரிக்க மாட்டார்கள். இரத்த அழுத்தத்தைக் கையில் பட்டை சுற்றிக் கேட்டறியும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் 1905-இலேயே அறிவித்திருந்தாலும், அதைக் குறைக்கப் பரவலாகப் பயன்படக்கூடிய மாத்திரைகள் 1950-களின் இறுதியில்தான் வந்தன என்பதையும் நினைவிற்கொண்டால், பக்கவாதத்தை விதியென்று ஏற்றுக்கொண்டதற்காக அக்கால மருத்துவரையோ குடும்பத்தையோ குறைசொல்ல இடமில்லை.

விதியென்று ஏற்றுக்கொண்டாலும் பசியை அப்படி ஏற்க முடியாது; நோயாளிக்கு எதையாவது ஊட்டியாக வேண்டும். இங்கேதான் கோலார் மண்ணின் உணவு இவ்வரலாற்றுக்குள் நுழைகிறது. பழைய கோலார் மாவட்டம் கேழ்வரகு நிலம். வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்களுக்கும் கூழும் களியும் பிறந்தது முதல் பழகியவை. கொதிக்கும் உலையில் மாவைக் கொட்டி, கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி, ஈரக்கையால் உருட்டி எடுக்கும் கேழ்வரகுக் களியைப் பிதுக்கம்பருப்புக் குழம்பிலோ கீரைச் சாற்றிலோ தோய்த்து உண்பவர் அதை மெல்லுவதில்லை. விரலளவு கிள்ளி, குழம்பில் புரட்டி, நாக்கின் பின்புறம் வைத்து அப்படியே விழுங்குவதுதான் முறை. மென்றால் பல்லில் ஒட்டிச் சுவை கெடும் என்பார்கள். சுரங்கத்தில் இறங்குபவருக்கு நெடுநேரம் பசி தாங்கும் இந்த உணவு, உண்மையில் தொண்டையின் முழு வலிமையைக் கோரும் உணவு. கவளத்தைப் பின்னோக்கித் தள்ளும் நாக்கின் அழுத்தமும், தொண்டைச் சுவர் அதைப் பிழிந்து இறக்கும் விசையும் குறைந்தவருக்குக் களி தொண்டையின் பக்கக் குழிகளில் ஒட்டிக்கொண்டு தங்கும். நோயாளி விழுங்கிவிட்டதாக நினைத்து மூச்சிழுக்கும்போது அது குரல்வளைக்குள் சரியும்.

அப்படியானால் மெலிதாகக் கரைத்துக் கொடுத்தால் போதும் என்று தோன்றும். பெரும்பாலான குடும்பங்கள் செய்ததும் அதுதான்: கஞ்சியின் தெளிவு, பருப்புத் தண்ணீர், பால், இளநீர். பக்கவாதத்தால் தளர்ந்த தொண்டைக்கு மிகப் பகையான பண்டம் தண்ணீரைப் போல் ஓடும் நீர்மம் என்பதை அடுப்படி அறிவு கண்டறியவில்லை. தொண்டை மூடிக்கொள்ளச் சில பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதமானாலும் நீர் அதற்குள் முந்திவிடும். கொழகொழப்பான கூழோ மெதுவாக நகர்ந்து, தாமதித்த தொண்டைக்கு நேரம் தரும். ரசம் சோறு இன்னும் மோசமானது. பருக்கையை மென்று ஒன்றுசேர்க்க வாய் முயலும்போதே ரசம் தனியே பிரிந்து தொண்டைக்குள் ஓடிவிடுவதால், நோயாளி ஒரே நேரத்தில் இரண்டு வகை உணவைக் கையாள வேண்டியிருக்கிறது. நோயாளிக்கு ரசம் சோறுதான் இலகுவானது என்னும் நம்பிக்கை தமிழ் வீடுகளில் வேரூன்றியது; காய்ச்சலுக்கு அது சரி, பக்கவாதத்துக்கு அன்று.

களிக்கும் தெளிவுக்கும் நடுவே நிற்கும் கேழ்வரகுக் கூழே இந்நோயாளிகளுக்கு ஏறத்தாழப் பொருத்தமானது என்பது கவனிக்கத்தக்கது. 2010-களில் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, உணவின் தடிமனை 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாக வகுத்தனர். 10 மில்லி ஊசிக்குழலில் நிரப்பிய நீர்மம் 10 விநாடியில் எவ்வளவு வடிகிறது என்பதையும், கரண்டியில் எடுத்த உணவு சாய்த்தால் முழுதாக நழுவி விழுகிறதா, ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதையும் கொண்டு படி தீர்மானிக்கப்படுகிறது. நன்கு வடிகட்டிய கூழ் இதில் நடுப்படிகளில் அமரும். களி கரண்டியைச் சாய்த்தாலும் விடாமல் ஒட்டுவதால் மசித்த உணவுக்கான படியிலேயே தோற்றுவிடும். ஆயினும் கூழ் நிலையான பண்டமன்று. ஆற ஆற அது இறுகும். காலையில் சரியாக இருந்தது பத்து மணிக்குக் களியின் பக்கம் சாய்ந்துவிடும். நோயாளியின் வாயில் வைத்த கரண்டியை மீண்டும் கிண்ணத்தில் போட்டால் நிகழ்வது இதற்கு நேர்மாறு: உமிழ்நீரிலுள்ள செரிபொருள் மாச்சத்தைச் சிதைத்து, சிறிது நேரத்தில் கிண்ணம் முழுவதையும் நீர்க்கச் செய்துவிடும். ஊட்டுவதற்கு ஒரு கிண்ணமும், அடுப்படியில் மூடி வைக்க ஒரு கிண்ணமும் தனித்தனியே வேண்டும் என்று விழுங்கல் பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது சுத்தத்துக்காக மட்டும் அன்று.

உணவை விடவும் ஊட்டும் முறையில்தான் பழைய வழக்கங்கள் நோயாளிக்குத் தீங்கு செய்தன. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையும் சங்கும் படுத்த படுக்கையான பெரியவருக்கும் பயன்பட்டன. மல்லாந்து கிடப்பவரின் தலையைச் சற்றே தூக்கி, கன்னத்தைப் பிடித்து, பாலாடையின் மூக்கை வாய்க்குள் சாய்க்கும்போது, நீர்மம் விருப்பத்துக்கு உட்பட்ட முதற்கட்டத்தைத் தாண்டி நேரே தொண்டைக்குள் விழுகிறது. நோயாளிக்கு அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பே இல்லை. புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லும் வழக்கம் நலமுள்ளவர்க்குத் தீங்கற்றது; இருமுவதற்காக முன்னே குனியும் நோயாளியைத் தட்டுவது அவருடைய இருமலைக் கலைக்கும். தண்ணீர்கூட இறங்கவில்லை என்பது மரணம் அணுகிவிட்டதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. உறவினரைக் கூட்டி ஒவ்வொருவராகப் பால் ஊற்ற வைக்கும் வழக்கம் அந்த அடையாளத்தைத் தொடர்ந்து வந்தது. சாகும் தறுவாயில் இருப்பவருக்கு அது ஆறுதல் தரும் சடங்கு, அதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் பக்கவாதம் கண்ட மூன்றாம் நாளில், மறுபாதி மூளை பொறுப்பேற்பதற்கு முன், அந்த முடிவுக்கு வந்த குடும்பங்களும் இருந்திருக்கும். முன்கணிப்பே முடிவைக் கொண்டுவரும் இடங்களில் இது ஒன்று.

சித்த மருத்துவமும் தங்கவயலுக்கு அன்னியமன்று. யூகிமுனிவர் பெயரில் வழங்கும் நூல் வாத நோய்களை 80 என வகுக்கிறது. எண்ணெய், ஒற்றடம், தொக்கணம் எனப்படும் பிடித்துவிடல் ஆகியவை விழுந்த கைகாலுக்கான சிகிச்சை. 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழின் ஆசிரியரும், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளில் பௌத்தச் சங்கக் கிளைகள் வேரூன்றக் காரணமானவருமான அயோத்திதாசப் பண்டிதர் தொழிலால் சித்த மருத்துவர் என்பதும், அவருடைய எழுத்துகளை நூலாக்கிய சித்தார்த்தா புத்தகசாலை சாம்பியன் ரீஃபில் இருந்தது என்பதும், அவ்வூர்த் தொழிலாளரிடையே வைத்திய அறிவு வாசிப்போடு சேர்ந்து புழங்கியதைக் காட்டுகின்றன. எனினும் தளர்ந்த தொண்டையைத் தாண்டி வயிற்றுக்கு உணவைச் சேர்க்கும் வழி வேறிடத்திலிருந்துதான் வந்தது.

அந்த வழியின் கதை லண்டனில் தொடங்குகிறது. 1790-இல் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒரு நோயாளிக்கு, விலாங்கு மீனின் தோலைத் திமிங்கில எலும்புக் குச்சியின் மேல் உறைபோல் இழுத்துப் பொருத்தி, அதை வயிற்றுக்குள் இறக்கி உணவும் மருந்தும் செலுத்தினார். 1793-இல் அச்சேறிய அந்தக் குறிப்பில் நோயாளி தேறியதாகப் பதிவு உள்ளது. இந்திய மருத்துவமனைகளில் இன்று செவிலியர் முதல் நோயாளியின் பேரன்வரை எல்லோரும் ‘ரைல்ஸ் டியூப்’ என்றழைக்கும் மூக்குக் குழாய், 1921-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் ஆல்ஃபிரட் ரைல் வடிவமைத்தது. அவர் அதை ஊட்டுவதற்காகச் செய்யவில்லை. கஞ்சி குடித்த பின் வயிற்றமிலம் எப்படி மாறுகிறது என்பதைச் சிறிது சிறிதாக உறிஞ்சி அளப்பதற்காகவே செய்தார். அதே ரைல் 1943-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மருத்துவத்தின் முதற்பேராசிரியரானார். வேலையும் வீடும் வறுமையும் நோயை எப்படி விளைவிக்கின்றன என்று கேட்கும் துறை அது. தங்கவயலின் லைன் வீட்டில் அவர் பெயரைத் தாங்கிய குழாயோடு ஒருவர் படுத்திருப்பதில் அந்த இரண்டு ரைல்களும் சந்திக்கிறார்கள் எனலாம்.

குழாய் இறக்கியாயிற்று என்பதால் புரையேற்றம் நின்றுவிடுவதில்லை. வயிற்றிலிருந்து மேலெழுவதும், வாயில் ஊறும் எச்சிலும் அப்போதும் மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும். எனவே ஊட்டும்போதும் அதன்பின் சிறிது நேரமும் தலைமாடு 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும், குழாயின் முனை வயிற்றில்தான் இருக்கிறதா என ஒவ்வொரு முறையும் உறுதிசெய்ய வேண்டும், ஊட்டி முடித்ததும் தண்ணீர் செலுத்திக் குழாயைக் கழுவ வேண்டும். வீட்டில் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியை இரண்டு முறை வடிகட்டாவிட்டால், அது ஆறும்போது இறுகிக் குழாயை அடைத்துவிடும்; அடைபட்ட குழாயை மாற்ற மீண்டும் மருத்துவமனைக்குப் பயணம். வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு நேரே குழாய் வைக்கும் முறையை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பான்ஸ்கி என்னும் மருத்துவர்கள் 1980-இல் வெளியிட்டனர். பக்கவாதத்தின் முதற்சில வாரங்களில் அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை, மூக்குக் குழாயே போதும் என்பது 2005-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றின் முடிவு.

தொண்டைக்குள் நடப்பதைக் கண்ணால் காணும் வழியை எக்ஸ்-ரே திறந்தது. 1896-இல் ஹார்வர்டு மாணவராக இருந்த வால்டர் கேனன், நீண்ட கழுத்துள்ள வாத்தினத்தைச் சேர்ந்த பறவைக்கு பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து, அது கழுத்தில் இறங்குவதை எக்ஸ்-ரே திரையில் பார்த்தார். ஆயினும் அந்தப் படத்தைக் கொண்டு நோயாளிக்கு எந்தத் தடிமனில், எந்தத் தலைச்சாய்வில் ஊட்டினால் புரையேறாது என்று தீர்மானிக்கும் முறை, 1983-இல் ஜெரி லோக்மன் எழுதிய நூலுக்குப் பிறகே பரவியது. லோக்மன் பேச்சுப் பயிற்சியாளர். பேசும் உறுப்புகளும் விழுங்கும் உறுப்புகளும் ஒன்றே என்பதால் விழுங்கல் சிகிச்சை உலகெங்கும் அத்துறையினரின் கைக்கு வந்தது.

இத்துறைக்கு இந்தியாவில் அடித்தளமிட்ட நிறுவனம் தங்கவயல் இருக்கும் மாநிலத்திலேயே அமைந்தது: 1965-இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். ஆயினும் தங்கவயல் மக்கள் பெரிய நோய்க்கு நாடியது மைசூரை அன்று, வேலூரை. மாரிக்குப்பத்தில் ரயிலேறினால் பங்காருபேட்டை, ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி. அங்கே தமிழிலேயே பேசி நோயைச் சொல்லலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய நரம்பியல் துறை இந்தியாவில் முதலாவது. விபத்தில் தாமே இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் அங்கு 1966-இல் மறுவாழ்வு மையமும் எழுந்தது. ஜேக்கப் ஆபிரகாமும் உடனாய்வாளர்களும் வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்களிடையே நடத்தி 1970-இல் வெளியிட்ட ஆய்வு, பக்கவாதத்தால் ஒருபக்கம் செயலிழந்தோரை வீடு வீடாகத் தேடிக் கணக்கிட்ட தொடக்க இந்திய முயற்சிகளுள் ஒன்று. லட்சத்துக்கு ஏறத்தாழ 57 பேர் என்பது அதன் முடிவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் எம். கௌரி தேவியும் குழுவினரும் 1980-களில் அன்றைய கோலார் மாவட்டத்தின் கௌரிபிதனூரில் 57,660 பேரிடையே நடத்திய கணக்கெடுப்பிலும் லட்சத்துக்கு ஏறத்தாழ அதே அளவுதான் கிடைத்தது. பின்னர் பெங்களூரு நகரிலும் புறத்திலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் அந்நிறுவனம் நடத்தி 2004-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் அந்த எண் 150. இவ்வாய்வுகள் எல்லாம் கையையும் காலையும் எண்ணின. தொண்டை அவற்றின் வினாப்பட்டியலின் மையத்தில் இல்லை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. வீடு வீடாகச் சென்று உயிரோடிருப்பவரை எண்ணும் முறையில், விழுங்க முடியாமல் முதல் மாதத்திலேயே இறந்தவர் கணக்கில் வருவதேயில்லை.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது கம்பெனி மருத்துவமனையும் முடங்கியது. 20 ஆண்டுகளுக்குப் பின், கோவிட் இரண்டாம் அலையின்போது, தன்னார்வலர்கள் அதன் தூசியைக் கழுவிச் சிகிச்சை மையமாகத் திறந்தது தங்கவயல் பெருமையோடு நினைவுகூரும் நிகழ்வு. ஆனால் சுரங்கம் மூடிய பின் ஊரில் தங்கிவிட்டவர்கள் யார் என்பது பக்கவாதத்தின் கோணத்தில் முக்கியம். முன்பு வேலை போனவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள்; இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கோ திரும்பிச் செல்ல வேறு ஊர் என்று ஒன்றில்லை. தங்கவயலே சொந்த ஊர். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள், தூசி படிந்த நுரையீரலோடும் தங்கம் பிரித்தபின் எஞ்சிய கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் பறக்கும் வெண்புழுதியோடும், அந்த லைன் வீடுகளிலேயே முதுமை எய்துகிறார்கள். ஒருகாலத்தில் இளைஞர்களின் ஊராக இருந்தது, பக்கவாதம் வரும் வயதினரின் ஊராகிவிட்டது.

கர்நாடக அரசும் நிம்ஹான்ஸும் சேர்ந்து 2022-இல் தொடங்கிய மூளைநலத் திட்டம் முன்னோட்டத்துக்குத் தேர்ந்த மாவட்டங்களுள் கோலாரும் ஒன்று. கோலார் நகரின் மாவட்ட மருத்துவமனையில் மூளைநலச் சிகிச்சைப் பிரிவு திறக்கப்பட்டது. தங்கவயலிலிருந்து அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பக்கவாதம் கண்டவர் எதையும் வாயில் வாங்குமுன், உட்கார வைத்து, சிறு கரண்டிகளில் தண்ணீர் கொடுத்து, குரல் கரகரக்கிறதா, இருமல் வருகிறதா, மூச்சு மாறுகிறதா எனக் கவனிக்கும் முதற்கட்டச் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் போதும். இருமாதவரிடமும் புரையேற்றம் இருக்கலாம் என்பதை அவர் அறிந்திருந்தால், ஐயமுள்ளவரை அடுத்த கட்டச் சோதனைக்கு அனுப்பலாம்.

சிக்கல் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் தொடங்குகிறது. சுரங்கம் மூடியது முதல் தங்கவயலின் உழைக்கும் வயதினரில் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் ரயிலேறி, 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்புகிறார்கள். பக்கவாதம் கண்டவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கையொப்பமிட்டு, எப்படி ஊட்ட வேண்டும் என்று செவிலியர் சொல்வதைக் கேட்டுக்கொள்பவர் விடுப்பெடுத்து வந்த மகனோ மகளோதான். மறுவாரம் முதல் பகல் உணவை ஊட்டுபவர் நோயாளியின் துணைவராகவோ, பக்கத்து வீட்டவராகவோ, பள்ளிவிட்டு வந்த பேத்தியாகவோ இருப்பார். நிமிர்ந்து உட்கார வைப்பது, மோவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்வது, ஒரு கரண்டி முழுதாக இறங்கிய பிறகே அடுத்ததை நீட்டுவது, முடிந்ததும் கன்னத்தின் உட்புறம் மீதமிருக்கிறதா என விரலால் பார்த்து வாய் கழுவி விடுவது, அரை மணிநேரம் படுக்க விடாதிருப்பது ஆகியவை இரண்டாம் கை வழியே காதில் விழுந்து, அங்கேயே பாதி தேய்ந்துவிடுகின்றன. பாலாடையின் கை மட்டும் மாறாமல் தொடர்கிறது. எனவே தங்கவயலைப் பொறுத்தவரை, பயிற்சியை மருத்துவமனை வார்டில் ஒருமுறை சொல்லி முடிப்பதைக் காட்டிலும், லைன்களில் வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளர் வழியே, பகலில் வீட்டிலிருப்பவரின் கையில் கரண்டியைக் கொடுத்து ஊட்ட வைத்துப் பார்ப்பதுதான் பயன் தரும். அதற்கு அந்தப் பணியாளருக்கு முதலில் இது கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.